சடங்குக்கு அரைப்பக்கம், நோய்க்கு ஒரு வரியும் இல்லை

எங்கள் சமூகத்தில் ஒரு சிறுமி பருவமடைந்தால் அது ஊரறிந்த செய்தியாகிறது. மண்டபம் எடுக்கிறோம், வீடியோ பிடிக்கிறோம், பல்லக்கில் ஏற்றுகிறோம். பத்திரிகையில் வண்ணப் படத்துடன் அரைப்பக்க வாழ்த்து விளம்பரம் வெளிவருகிறது. மாமன்மாரின் பெயர்கள், அவர்கள் வாழும் நாடுகள், சித்தப்பாமார், பெரியப்பாமார் என்று பட்டியல் நீளும். யாழ்ப்பாணத்திலும் இதுதான், ரொறன்ரோவிலும் இதுதான். அப்பெண்ணின் முதல் இரத்தப்போக்கை உலகம் முழுவதற்கும் அறிவித்து, விருந்து வைத்து, மொய்யும் வாங்கிக்கொள்கிறோம்.

அதே பெண் 42 வயதில், மாதவிடாய் முடிந்து பத்து நாட்கூட ஆகாத நிலையில், மறுபடியும் இரத்தம் காண்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவளது கணவனுக்கும் தெரியாத இரகசியமாகி விடுகிறது. தாயிடம் சொன்னால், "உது உடம்புச் சூடு பிள்ளை, வெந்தயம் ஊறவைச்சுக் குடி" என்பார். மூத்த சகோதரியிடம் சொன்னால், "வயசு போகேக்கை உப்பிடித்தான்" என்பார். இருவரும் அன்புடன்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்பின் பெயரால் ஆறு மாதங்கள் கழிகின்றன, பின்னர் ஒரு வருடமும் கழிகிறது.

வீட்டிலுள்ளவர்களை விட்டுவிடுகிறேன். அவர்களுக்குச் சொல்லித்தந்திருக்க வேண்டிய பத்திரிகைகள் என்ன செய்தன? பல தசாப்தங்கள் பத்திரிகை அலுவலகங்களில் காலங்கழித்தவன் என்ற வகையில் இதுபற்றிப் பேசும் உரிமை எனக்கு உண்டு. எங்கள் செய்தி மேசைகளில் இதற்கென்றே ஒரு மறைமொழி இருந்தது. "பெண்களுக்கேயுரிய உபாதை" என்று எழுதுவார்கள். "அடிவயிற்றுக் கோளாறு" என்று எழுதுவார்கள். மிகவும் துணிந்தவர் "மகளிர் நோய்" என்று எழுதுவார். நான் பணியாற்றிய பத்திரிகை ஒன்றுக்கு ஒரு பெண் வைத்தியர் இரண்டு மாதவிடாய்களுக்கு இடையில் ஏற்படும் இரத்தப்போக்கைப் பற்றி நல்லதொரு கட்டுரையை எழுதி அனுப்பியிருந்தார். பக்கத்துக்குப் பொறுப்பானவர் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தச் சொல் வந்த இடமெல்லாம் வெட்டினார். "தம்பி, இது குடும்பங்கள் வாசிக்கிற பேப்பர்" என்றார். "குடும்பத்திலைதானே அண்ணை பெண்கள் இருக்கினம்" என்று சொல்லிப் பார்த்தேன். பயனில்லை. அடுத்த ஞாயிறு அக்கட்டுரை வெளிவந்தது. என்ன நோய் என்பதை மட்டும் அதில் கண்டுபிடிக்க முடியவில்லை. அதே இதழின் இன்னொரு பக்கத்தில் ஆண்மைக் குறைவை நீக்கும் லேகியத்தின் விளம்பரம் கால்பக்கத்துக்குக் கொழுகொழுவென்று இருந்தது. அதையும் குடும்பங்கள்தான் வாசித்திருக்கும்.

நான் வைத்தியன் அல்லன். ஆனால் இவ்விடயத்தில் வைத்தியம் ஒளித்துவைத்த இரகசியம் எதுவுமில்லை. எவரும் விளங்கிக்கொள்ளக்கூடியதைத்தான் எவரும் சொல்லாமலிருக்கிறோம்.

இரத்தம் காணத் தொடங்கும் நாளை முதலாம் நாளாகக் கொண்டு அடுத்த முறை தொடங்கும் வரை எண்ணினால், வளர்ந்த பெண்களுக்கு 24 முதல் 38 நாட்கள் வரை இருப்பது வழமையானது. எட்டு நாட்களுக்கு மேல் நீடிக்காமலிருக்க வேண்டும். இந்த ஒழுங்குக்கு நடுவே தலைகாட்டும் இரத்தமெல்லாம் ஆபத்தானது என்று நான் கூற வரவில்லை. சில பெண்களுக்குச் சூல் முட்டை வெளியேறும் காலத்தில், ஏறக்குறைய இரு மாதவிடாய்களுக்கும் நடுவில், ஹோர்மோன் சற்றே தாழ்வதால் ஓரிரு நாட்கள் சிறுகறையாகக் காணும். அதனால் தீங்கில்லை. டெப்போ ஊசி போட்டவர்கள், கையில் குடும்பக் கட்டுப்பாட்டுக் குச்சி வைத்தவர்கள், லூப் வைத்தவர்கள் ஆகியோருக்கும் இடையிடையே இரத்தம் காண்பதுண்டு. இவற்றையெல்லாம் 'சாதாரணம்' என்று சொல்லலாம். ஆனால் அப்படிச் சொல்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டிருக்க வேண்டும். எத்தனையாம் நாள்? எவ்வளவு? எத்தனை மாதங்களாக? உறவுக்குப் பின்னரா? கருத்தரித்திருக்க வாய்ப்புண்டா? வேறு மருந்துகள் ஏதும் எடுக்கிறாரா? இவற்றில் ஒன்றையும் கேளாமல் சொல்லப்படும் 'சாதாரணம்' என்ற சொல் நோயாளியை வாசலைக் காட்டி அனுப்புவதற்குப் பயன்படுகிறதே தவிர, அதை ஒரு நோய்நிர்ணயம் என்று ஏற்க நான் தயாரில்லை.

சர்வதேச மகப்பேற்று, பெண்ணோயியல் சம்மேளனம் 2011 இல் இவ்வகை இரத்தப்போக்கின் காரணங்களை ஒன்பதாக வகுத்து ஒழுங்குபடுத்தியது. 2018 இல் அதைத் திருத்தியும் வெளியிட்டது. அதுவரை வைத்தியர்களும் 'செயற்பாட்டுக் கோளாறு' என்ற பொதுப்பெயர் ஒன்றைச் சூட்டிவிட்டுக் காரணத்தைத் தேடாமல் இருந்துவிடும் வழக்கம் உண்டு. அந்தப் பெயரையே கைவிடுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள் என்பதுதான் சம்மேளனத்தின் நிலைப்பாடு. உலக வைத்தியர்கள் 'கோளாறு' என்பதைக் குப்பையில் போட்ட பின்னரும் நாங்கள் அதைப் பொறுக்கியெடுத்து வைத்திருக்கிறோம். அந்த ஒன்பது காரணங்களின் வரிசையில் முதலாவதாக நிற்பது பொலிப்.

பொலிப் என்பது என்ன? கருப்பையின் உட்படலம் மாதந்தோறும் தடித்து, பின்னர் உதிர்ந்து வெளியேறுகிறது. அப்படலத்தின் ஓரிடம் மட்டும் அளவுக்கு மிஞ்சி வளர்ந்து, காம்பில் தொங்கும் சிறு மொட்டுப்போல, கருப்பையின் உள்வெளிக்குள் நீட்டிக்கொண்டிருப்பதுதான் பொலிப். சிலவற்றுக்குக் காம்பிருக்காது, படலத்தில் அகலமாக அமர்ந்திருக்கும். ஒன்றாகவும் இருக்கும், பலவாகவும் இருக்கும். அளவில் சில மில்லிமீற்றர் முதல் சில சென்ரிமீற்றர் வரை. அதற்கென்று தனியே இரத்தக்குழாய் உண்டு. அதன் மேற்பரப்பு மென்மையானது. ஆகவே மாதவிடாய்க்குரிய நாள்வரை காத்திராமல் தன்பாட்டில் கசிகிறது. கருப்பையின் கழுத்திலும் இத்தகைய மொட்டு வளர்வதுண்டு. அதைச் சாதாரண உட்பரிசோதனையின்போதே கண்ணால் காணலாம். பெரும்பாலும் அங்கேயே எடுத்துவிடவும் செய்யலாம்.

பொலிப் என்றதும் புற்றுநோய் என்று பதறுவோருக்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மாதவிடாய் நிற்காத பெண்களின் பொலிப்களில் புற்றுநோயோ அதற்கு முந்திய நிலையோ காணப்பட்டது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. மாதவிடாய் நின்றவர்களில் நூற்றுக்கு ஐந்தளவு. மார்புப் புற்றுநோய்க்காகத் தமொக்சிபென் மாத்திரை உட்கொள்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மற்றப்படி பெரும்பான்மை தீங்கற்றதே. அறிகுறி எதுவும் தராத சிறிய பொலிப் சிலவேளை தானாகவே மறைந்துவிடுவதும் உண்டு. குழந்தைப்பேறு தள்ளிப்போவதற்கும் பொலிப் ஒரு காரணமாகக் கூடும். இது தெரியாமல் எத்தனை பெண்களுக்கு எங்கள் ஊர்களில் 'மலடி' என்று பட்டம் கட்டினோமோ, யார் கண்டது?

இதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையுமல்ல. யோனிவழி ஸ்கேன் ஒன்று போதிய தடயத்தைத் தந்துவிடும். ஆனால் அதை எடுக்கும் நாள் முக்கியமானது. மாதவிடாய் முடிந்த கையோடு, படலம் மெல்லியதாக இருக்கும்போது எடுத்தால் மொட்டுத் தனித்துத் தெரியும். இரண்டு வாரம் கழித்து எடுத்தால் தடித்த படலத்துக்குள் அது ஒளிந்துகொள்ளும். "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்ற பதிலுடன் பெண் வீடு திரும்புவாள். பணம் கட்டி, 'சனல்' செய்து, மூன்று மணித்தியாலங்கள் வாங்கில் காத்திருந்து, மூன்று நிமிடங்கள் வைத்தியரைக் காணும் எங்கள் தனியார் மருத்துவ முறையில், எந்த நாளில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொல்லியனுப்ப எத்தனை பேருக்கு நேரமிருக்கிறது?

ஐயம் எஞ்சினால் கருப்பைக்குள் மெல்லிய கமெராக் குழாயைச் செலுத்திப் பார்க்கலாம். பார்த்த கையோடு மொட்டைக் காம்புடன் அகற்றி ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பிவிடலாம். இது நேற்று வந்த நாகரிகமும் அன்று. 1869 ஆம் ஆண்டில் பந்தலியோனி என்ற வைத்தியர், இரத்தப்போக்கினால் அவதிப்பட்ட 60 வயதுப் பெண்ணொருவரின் கருப்பைக்குள் விளக்கொளி பாய்ச்சும் குழாயொன்றைச் செலுத்திப் பார்த்தார். உள்ளே கண்டது பொலிப். வெள்ளி நைத்திரேற்றினால் அதைச் சுட்டார். கருப்பைக்குள் மனிதக் கண் முதன்முதலாக எட்டிப் பார்த்ததாகப் பதிவாகியிருக்கும் நிகழ்வே இதுதான். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே கண்ணால் கண்டு குணப்படுத்த முனைந்த ஒன்றுக்கு நாங்கள் இன்றும் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கருப்பையைக் கண்காணாமல் சுரண்டும் பழைய முறையைப் பற்றியும் ஒரு சொல். 'வோஷ்' பண்ணுவது என்று எங்கள் பெண்கள் சொல்வது இதைத்தான். காம்பில் ஆடும் மொட்டு சுரண்டும் கருவிக்கு விலகிக்கொடுத்துவிட்டு அப்படியே இருந்துவிடக் கூடும். சுரண்டிய பின்னும் இரத்தம் நிற்கவில்லையென்றால் குற்றம் நோயாளியின் உடம்பிலில்லை; பார்க்காமல் தேடியதில் இருக்கிறது.

இனி மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒன்றுமில்லை என்று அனுப்புவது ஒரு கொடுமை என்றால், எல்லாவற்றையும் எடுத்துவிடுவது இன்னொரு கொடுமை. "கருப்பைக்குள்ளை சதை வளர்ந்திருக்கு" என்ற வாக்கியத்தை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். தமிழில் இந்தச் 'சதை' என்ற ஒரே சொல்லுக்குள் பொலிப்பும் அடங்குகிறது, பைப்ரோயிட் என்னும் நார்க்கழலையும் அடங்குகிறது, புற்றுநோயும் அடங்குகிறது. மூன்றும் வேறு, மூன்றுக்குமான சிகிச்சையும் வேறு. சொல் ஒன்றாகிவிட்டதால் அச்சமும் ஒன்றாகிவிட்டது. அச்சத்தில் இருப்பவரிடம், "பிள்ளை பெற்றாயிற்றுத்தானே, இனி எதற்குக் கருப்பை?" என்று கேட்டால் அவர் ஒப்பமிடாமல் என்ன செய்வார்? கருப்பையை அகற்றவே வேண்டிய நிலைமைகள் உண்டு. அவற்றை நான் மறுக்கவில்லை. அவ்வாறு அகற்றியதால் உயிர் தப்பியவர்களையும் அறிவேன். ஆனால் விரல்நுனியளவு மொட்டுக்காக வயிற்றைக் கீறிக் கருப்பையைக் கழற்றுவது, ஓட்டில் ஒழுக்கு என்பதற்காக வீட்டை இடிப்பது போன்றது. கையொப்பமிடுவதற்கு முன் "என்னிடமிருப்பது பொலிப்பா, கழலையா? அதைமட்டும் எடுக்க முடியாதா? எடுத்ததை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவீர்களா?" என்று மூன்று கேள்விகள் கேட்பதற்கு எந்தப் பெண்ணுக்கும் உரிமையுண்டு. கேட்டதற்காகக் கோபிக்கும் வைத்தியரிடமிருந்து எழுந்து வருவதற்கும் உரிமையுண்டு.

இலங்கையின் இலவச சுகாதார சேவையைக் குறைத்துப் பேசுபவன் அல்லன் நான். குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடிவரும் நாடு இது. 1996 இல் சுகவனிதையர் கிளினிக்குகள் ஆரம்பிக்கப்பட்டன. 35 வயதை எட்டிய பெண்களை முதன்மையாக நோக்கி அங்கே இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மார்பகத்தைப் பரிசோதிக்கிறார்கள், பப் பரிசோதனை செய்கிறார்கள். 2017 இலிருந்து பாடசாலைச் சிறுமிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசியும் போடப்படுகிறது. எல்லாம் நல்லதே. ஆனால் இந்த நல்ல ஏற்பாட்டின் நிழலில் ஒரு தப்பெண்ணம் வளர்ந்திருக்கிறது. பப் பரிசோதனையில் குறையில்லை என்றால் கருப்பையிலும் குறையில்லை என்று பெண்கள் நம்புகிறார்கள். படித்த ஆசிரியைகள்கூட என்னிடம் அவ்வாறு வாதிட்டிருக்கிறார்கள். பப் பரிசோதனை கருப்பையின் கழுத்துக்கானது. வாசற்கதவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் கள்வன் இல்லை என்று சொல்ல முடியாது. கருப்பையின் உட்படலத்துக்கு அப்படிப்பட்ட பொதுவான முன்கூட்டிய பரிசோதனை எதுவும் உலகில் எங்குமே நடைமுறையில் இல்லை. அங்கே எச்சரிக்கை மணி ஒன்றேயொன்றுதான். அது காலந்தவறிய இரத்தம். அந்த மணியைத்தான் நாங்கள் வெட்கத்தைக் கொண்டு கட்டிப்போட்டிருக்கிறோம். பப் பரிசோதனையின் முடிவைக் கையில் கொடுக்கும்போது, "இது கருப்பைக் கழுத்துக்கு மட்டும், இடையில் இரத்தம் கண்டால் வாருங்கள்" என்று மூன்று மொழிகளிலும் ஒருவரி அச்சிட்டுக் கொடுப்பதற்குச் சுகாதார அமைச்சுக்கு என்ன செலவாகும்?

செலவென்றதும் நினைவுக்கு வருகிறது. 2018 செப்டெம்பர் வரை இந்நாட்டில் இறக்குமதி செய்யப்பட்ட சுகாதாரத் துவாய்களுக்கு விதிக்கப்பட்டிருந்த வரிகளின் கூட்டுத்தொகை 101.2 சதவீதம். துவாயின் விலையைவிட அதன்மீதான வரி அதிகம். பின்னர் குறைத்தார்கள், ஆனால் நீக்கவில்லை. மாதத்தில் ஐந்து நாட்களுக்கே வாங்க வழியில்லாதவள் பதினைந்து நாட்கள் இரத்தம் போனால் என்ன செய்வாள்? பழைய சேலைத் துண்டுதான். மலையகத்துப் பெண்ணின் நிலைமை இன்னும் கடினம். கொழுந்து மலையில் காலை முதல் நிற்க வேண்டும். ஒதுங்குவதற்கு மறைவிடம் கிடையாது. கிளினிக்குக்குப் போனால் அன்றைய 'பேர்' போய்விடும். நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும். ஆகவே போகமாட்டாள். கண்ணிமையின் உட்புறம் வெளிறி, மலையேறும்போது மூச்சு வாங்கி, ஒருநாள் கூடையோடு சாய்ந்த பின்னர்தான் அவளுக்கு ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். இரத்தம் எங்கே போகிறது என்று கேட்காமல் இரும்பை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதல்லாமல் வேறென்ன?

வெளிநாட்டில் இருப்பவர்கள், இதெல்லாம் ஊர்ப்பிரச்சினை, எங்களுக்கில்லை என்று எண்ண வேண்டாம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் வைத்திய வசதி அடுத்த தெருவிலேயே இருக்கிறது; இடையில் நிற்பது மொழி. அறுபது வயதுத் தாய் வைத்தியரிடம் போகும்போது மொழிபெயர்க்க உடன் செல்பவன் மகன். மகனிடம் எப்படிச் சொல்வது? "வயித்துக்குள்ளை நோகுது எண்டு சொல்லு தம்பி" என்கிறார். மகன் அதை ஒழுங்காக மொழிபெயர்க்கிறான். வைத்தியர் வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை எழுதுகிறார். மூவரும் தத்தம் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். கருப்பையைப் பற்றி மட்டும் எவரும் பேசவில்லை. பிரித்தானியாவின் அரச மருத்துவ சேவையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே கோரலாம். பெண்ணாக வேண்டும் என்றும் கேட்டுப் பார்க்கலாம். பிள்ளைகள் அம்மாவுக்காக அந்தத் தொலைபேசி அழைப்பை எடுக்கட்டும். அம்மாவும் கலண்டரில் இரத்தம் கண்ட நாட்களைப் பேனாவால் வட்டமிட்டு எடுத்துச் செல்லட்டும். வாய் சொல்லக் கூசுவதை அந்தக் கலண்டர் தாள் எந்த மொழியிலும் சொல்லும்.

அறுபது வயது என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். மாதவிடாய் நின்று ஒரு வருடமான பின்னர் மீண்டும் இரத்தம் கண்டால், "திரும்பக் குமரியாயிட்டன்" என்று சிரிக்கும் பெண்களை எங்கள் ஊரில் கண்டிருக்கிறேன். கோயிலுக்குப் போகாமல் மூன்று நாட்கள் விலகியிருந்துவிட்டு, பின்னர் தலைமுழுகி வேலையைப் பார்ப்பார்கள். இவ்வயதில் காணும் இரத்தத்துக்கு 'சாதாரணம்' என்ற சொல்லே பொருந்தாது. ஒரு துளியானாலும், ஒரே ஒரு நாளானாலும் காட்ட வேண்டும். அப்படி இரத்தம் கண்ட பெண்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பேருக்குக் கருப்பை உட்படலப் புற்றுநோய் இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளை 2018 இல் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். மற்றைய தொண்ணூற்றொரு பேருக்குப் பொலிப்போ, படலம் மெலிந்ததோ, தீங்கற்ற வேறு ஏதோ ஒன்றோ காரணம். அவர்கள் நிம்மதியுடன் வீடு திரும்பலாம். அந்த ஒன்பது பேரில் முதலிரத்தம் கண்ட கிழமையிலேயே வருபவருக்குப் பெரும்பாலும் ஒரு சத்திரசிகிச்சையோடு காரியம் முடிந்துவிடுகிறது. தலைமுழுகிவிட்டுக் காத்திருப்பவரைத்தான் பின்னர் மகரகமைக்கும் தெல்லிப்பழைக்கும் வாகனம் பிடித்து அலைந்து கொண்டுபோகிறார்கள்.